காந்தக்கை பயந்த அத்தியாயம்

வேனின் பின்கதவைத் திறந்துபோட்டு, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவும் இன்னொரு கையில் செல்போனுமாகப் பின்னூட்டங்களைப் படிக்கிற அந்தச் சனிக்கிழமை மதியத்துக்காகத்தான் அவள் வாரம் முழுவதும் உழைத்தாள். அண்ணனிடம் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வான். தான் கொடுக்கிற சம்பளத்துக்காக உழைக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அண்ணன் தங்கை இரண்டு பேரும் லிஃப்ட் மெக்கானிக்குகள். ஒப்பந்தம், வேன், விசிட்டிங் கார்டு எல்லாம் அண்ணன் பேரில். லிஃப்டுக்கு அடியில் இருக்கிற குழிக்குள் இறங்குவது, கேபின் கூரைமேல் ஏறிக் கயிற்றைத் தடவிப் பார்ப்பது, கிரீஸ் போடுவதெல்லாம் அவள். அண்ணனுக்குத் தொப்பை விழுந்து வருஷமாகிறது. நீ ஏறினால் லிஃப்ட் அழும் என்று அவளே கேலி செய்வாள். நாற்பதை நெருங்குகிறவளை அவன் இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுவான், வாடிக்கையாளர் முன்னாலும்கூட.

அந்தப் பாப்பாவுக்கு இன்னொரு பெயர் இருந்தது: எண்ணெய்க்கறை. அந்தப் பெயரில்தான் அவள் மூன்று வருஷமாகக் காந்தக்கை கதை எழுதிவந்தாள். காந்தக்கை அவள் கற்பனை இல்லை. சின்ன வயதில் அவளைப் போன்றவர்கள் விழுந்து விழுந்து படித்த படக்கதை வீரன். சாம்பல் நிறக் கையுறை போட்டிருப்பான். வலது கையை நீட்டினால் இரும்பெல்லாம் அவனிடம் பறந்து வரும். அந்தப் படக்கதையைப் போட்டவர்கள் ஒருநாள் கடையை மூடிவிட்டார்கள். கடைசி இதழில் காந்தக்கை ஒரு பாலத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தான். அந்தரத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள், பாவிகள். விழுகிறவனை யாராவது பிடிக்க வேண்டாமா? ரசிகர்கள் பிடித்தார்கள். இணையத்தில் ஒரு தளம் தொடங்கி ஆளுக்கொரு பக்கமாக மீதிக் கதையை எழுதினார்கள். எண்ணெய்க்கறை வெள்ளிக்கிழமைதோறும் போடுகிற அத்தியாயத்துக்குத்தான் அங்கே கூட்டம் அதிகம்.

அந்தத் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அத்தியாயம் பிடித்திருந்தால் ‘அருமை’ என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு நழுவக் கூடாது. அந்த வாரம் காந்தக்கை செய்த காரியங்களில் ஒன்றைத் தானும் செய்துவிட்டு வந்து, ‘கை வைச்சாச்சு’ என்று எழுத வேண்டும். காந்தக்கை பக்கத்து வீட்டு ஜன்னலைச் சரிசெய்தால், அந்த வாரம் எங்கெங்கோ இருக்கிற ஜன்னல்கள் சரியாகும். பச்சை வெங்காயத்தைக் கடித்தால், அத்தனை பேரும் கடித்துவிட்டுக் கண் கலங்கிய படத்தைப் போடுவார்கள். யார் தொடங்கியது என்று தெரியாது. கை வைக்காதவன் வாசகனே இல்லை என்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

அதில் அவள் பங்குக்குச் சேர்த்த குறும்பு ஒன்றும் உண்டு. கதையில் வில்லனின் பெயர் வெற்றிடம். அதற்கு உடம்பு கிடையாது. வேண்டியவர்களின் குரலை எடுத்துக்கொண்டு, ‘வேண்டாம் கண்ணு, ஆபத்து, திரும்பிப் போ’ என்று பேசும். நம்பித் திரும்பினவன் தொலைந்தான். போன வருஷம் அவள் வேடிக்கையாகத் தன் பெயரிலேயே பின்னூட்டத்தில் வந்து, ‘இந்த வாரம் யாரும் கை வைக்காதீர்கள், ஆபத்து’ என்று எழுதினாள். வாசகர்கள் குதித்தார்கள். எண்ணெய்க்கறையின் குரலையே வெற்றிடம் திருடிவிட்டது என்று கொண்டாடினார்கள். அவள் எவ்வளவுக்கு எவ்வளவு தடுத்தாளோ அவ்வளவுக்கு அவ்வளவு கை வைத்தார்கள். அந்த விளையாட்டு அவளுக்கும் பிடித்துப்போய் அடிக்கடி ஆடினாள்.

சரி, அந்த வாரத்து அத்தியாயத்துக்கு வருவோம். ஒத்தைச்செருப்பு என்ற வாசகர் அதற்கு முந்தின வாரம் எழுதியிருந்தார், சண்டையெல்லாம் அட்டைப்பெட்டியை வைத்து ஆடுகிற மாதிரி இருக்கிறது, எதுவும் நம்பும்படி இல்லை என்று. அவளுக்குச் சுருக்கென்றது. நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டுகிறவளிடம் போய் அட்டைப்பெட்டி என்றால் ரோஷம் வராதா? அதுவரை வேலையைக் கதைக்குள் கொண்டுவராதவள், அந்த வாரம் கொண்டுவந்தாள். வெற்றிடம் ஒரு லிஃப்டின் கயிற்றை அறுக்கிறது. உள்ளே ஆட்கள். காந்தக்கை பேஸ்மென்டுக்கு ஓடுகிறான், கீழ்க்கதவைத் திறந்து, இருட்டுக் குழியில் குதித்து, கையை மேலே தூக்குகிறான். இறங்கி வருகிற லிஃப்ட் அவன் உள்ளங்கைக்கு மேலே வந்து நிற்கிறது.

அந்தக் கீழ்க்கதவை அவன் எப்படித் திறந்தான் என்பதை அவள் அப்படியே எழுதினாள். அதற்கு முந்தின வாரம் அவள் பார்த்த ஒரு பழைய கட்டிடத்தில் பூட்டு தேய்ந்துபோயிருந்தது. ஒரு மாதிரி அசைத்தால் சாவியில்லாமலே திறந்துகொண்டது. புதுப் பூட்டு வரும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று செக்யூரிட்டியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அந்தச் சூட்சுமத்தை இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு தடவை சொன்னதே போதும்.

முதலில் வந்த பின்னூட்டங்கள் அவளைத் தரையில் நிற்கவிடவில்லை. “இதுதான்யா அத்தியாயம்” என்று ஒத்தைச்செருப்பே இறங்கிவந்திருந்தார். லிஃப்ட் வருகிற இடத்தில் தனக்கு மூச்சு நின்றுவிட்டதாகத் தூங்குமூஞ்சி எழுதியிருந்தாள். கடுகு என்கிற வாசகி தன் ஆபீஸ் லிஃப்டுக்குள் கையை உயர்த்தி நின்று படமெடுத்து, கை வைச்சாச்சு என்று போட்டிருந்தாள். இவள் சிரித்துக்கொண்டே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு விரலால் மேலே தள்ளினாள்.

“எங்க பில்டிங் லிஃப்டும் இதே மாதிரிதான்,” என்று மூணாம்மாடி எழுதியிருந்தது. “நீங்க எழுதின மாதிரியே செஞ்சு பாத்தேன். கீழ்க்கதவு திறந்துடுச்சு. சாயங்காலம் அம்மா டியூட்டிக்குப் போனதும் உள்ள இறங்கிக் கை வைக்கப்போறேன். தங்கச்சி மேல நின்னு லிஃப்டைக் கீழ அனுப்புவா.”

அவள் இன்னொரு தடவை படித்தாள். அந்தப் பின்னூட்டத்தின் கீழே கைதட்டல்கள் வரிசையாக நின்றன. சபாஷ் என்று ஒருவர். வீடியோ எடு என்று ஒருவர். இந்த வருஷத்தின் சிறந்த கை இதுதான் என்று முட்டைக்கண்.

மூணாம்மாடி அவளுக்குப் பழக்கமான பெயர்தான். ஒரு வாரமும் தவறாமல் வருகிற பெயர். வாக்கியத்துக்கு வாக்கியம் பொம்மை முகம் ஒட்டும், காந்தக்கைக்குச் சாப்பாடு யார் போடுகிறார்கள் என்று கேட்கும். அந்தக் கேள்வியெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தபோதுதான், இது ஒரு குழந்தை என்பது அவள் மண்டையில் ஏறியது. மூன்று வருஷமாக அவள் தன் வயசுக்காரர்களுக்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

குழி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். கேபின் அடிமட்டத்துக்கு வந்து நின்றால் கீழே எவ்வளவு இடம் மிஞ்சும் என்று தெரியும். பெரியவர் ஒருவர் ஒடுங்கிப் படுத்தால் தப்பலாம், அதுவும் எந்த மூலை என்று தெரிந்திருந்தால். கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவனுக்கு அங்கே இடம் இல்லை. டப்பாவைக் கீழே வைத்தாளா போட்டாளா என்று அவளுக்கே தெரியாது.

உடனே எழுதினாள். ‘மூணாம்மாடி, இறங்காதே. இது கதை. நிஜத்தில் நசுங்கிவிடுவாய். தயவுசெய்து இறங்காதே.’

கண்மூடித் திறப்பதற்குள் பதில்கள் விழுந்தன. “வந்துடுச்சுடா வெற்றிடம்” என்றார் ஒத்தைச்செருப்பு. “இந்தத் தடவை குரல் நல்லா நடுங்குது, சூப்பர்” என்றாள் தூங்குமூஞ்சி. விளையாட்டு இல்லை, நான் நிஜமாகவே லிஃப்ட் மெக்கானிக் என்று எழுதினாள். வெற்றிடம் இப்போது மெக்கானிக் வேஷம் போடுகிறது என்று சிரித்தார்கள். மூணாம்மாடியும் வந்தது. “உன்னை நம்ப மாட்டேன் வெற்றிடமே,” என்று எழுதி, முஷ்டியை உயர்த்தின பொம்மை ஒன்றை ஒட்டிவிட்டுப் போனது.

அத்தியாயத்தையே அழித்தாள். வெற்றிடம் அத்தியாயத்தை விழுங்கிவிட்டது என்று இன்னும் கொண்டாட்டம். கடுகு முன்பே நகலெடுத்து வைத்திருந்தாளாம். பெருமையோடு அதைப் பின்னூட்டத்திலேயே ஒட்டிவிட்டாள். தனியாக ஒருவருக்கு எழுத அந்தத் தளத்தில் வழியில்லை. எப்போதோ நடந்த ஒரு சண்டைக்குப் பிறகு அதை அடைத்துவிட்டார்கள். தளம் நடத்துகிறவருக்கு எழுதினாள். அவர் எந்த மூலையில் தூங்கிக்கொண்டிருந்தாரோ, பதிலே இல்லை.

அண்ணன் டீ குடித்துவிட்டு வந்தபோது அவள் பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷ ரகசியத்தை முன்னும் பின்னுமாக உளறினாள். கதை என்றாள், கை வைப்பது என்றாள், கதவு என்றாள். அவனுக்குக் கதை ஒன்றும் பிடிபடவில்லை. கதவு பிடிபட்டது.

“அந்தக் கதவைத் திறக்கிற விதத்தை எழுதினியா?”

அவள் தலையாட்டினாள். அவன் திட்டவில்லை. அவன் திட்டாமலிருந்தது அவளை மேலும் பயமுறுத்தியது. போலீஸுக்குப் போன் செய்தான். அங்கிருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். குழந்தையின் பேர், முகவரி என்றார். பேர் மூணாம்மாடி, முகவரி தெரியாது என்று இவன் சொன்னதும், தெரிந்ததும் கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டார்.

“அந்தப் பழைய பில்டிங்தான்,” என்றாள் அவள். “அதே கதவுன்னு சொல்லுதே. அங்கதான் இருக்கும். வண்டிய எடுண்ணா.”

அங்கேதான் இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். தெரிந்த இடம் என்றால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துவிடலாம், மெயினை அணைத்துவிடலாம், குறைந்தபட்சம் கத்தவாவது கத்தலாம். போகிற வழியெல்லாம் அந்தக் கட்டிடத்து செக்யூரிட்டிக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. சிக்னலில் வண்டி நின்றபோது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற பெண்கள் சாலையைக் கடந்தார்கள். ஒவ்வொருத்தியும் மூணாம்மாடியின் அம்மாவாகத் தெரிந்தாள். கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, அடுப்புப் பக்கம் போகாதே என்று சொல்லிவிட்டு வந்திருப்பாள். லிஃப்டைப் பற்றி யார் சொல்லப்போகிறார்கள்?

வண்டி முழுதாக நிற்பதற்குள் குதித்தாள். கேட்டில் செக்யூரிட்டி இல்லை. நாற்காலி மட்டும் இருந்தது. உள்ளே ஓடினால் லிஃப்டின் மேல் எண்கள் மாறிக்கொண்டிருந்தன. ஐந்து, நான்கு. யாரோ இறங்கிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் ரூம் மொட்டை மாடியில். ஏறி ஓடினால் நேரம் போதாது. பேஸ்மென்ட் படிக்கட்டில் பாதி ஓடியும் பாதி வழுக்கியும் இறங்கினாள். நிறுத்து, நிறுத்து என்று கத்தினதாக நினைத்தாள். குரல் வரவேயில்லை என்று பிறகு அண்ணன் சொன்னான்.

கீழே செக்யூரிட்டி, தண்ணீர் மோட்டார் பக்கத்தில் குழாயை வைத்துக்கொண்டு நின்றார். அவளைவிட ஒன்றிரண்டு வயது சின்னவர். சட்டைக்கு எப்போதும் கழுத்துவரை பட்டன் போட்டிருப்பார். லிஃப்ட் கதவுக்கு முன்னால் கால் உடைந்த பழைய இரும்பு அலமாரி ஒன்று குறுக்கே நின்றது. அதை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். மேலே லிஃப்ட் தரைத்தளத்தில் நின்று கதவு திறந்தது. யாரோ செருப்புச் சத்தத்தோடு வெளியே போனார்கள்.

“என்ன மேடம், பூட்டு வந்துடுச்சா?” என்றார்.

அவள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். யாராவது குழந்தை இங்கே வந்ததா, இந்தக் கதவைத் தொட்டதா என்று கேட்டாள். நீங்கள் வந்துபோன அன்றைக்கே அலமாரியைக் குறுக்கே போட்டுவிட்டேன், எலிகூட உள்ளே போகாது என்றார். மூன்றாம் மாடியில் யார் என்று கேட்டாள். மூன்றாம் மாடியில் வீடே இல்லை மேடம், இரண்டு ஆபீஸ், அதுவும் இன்றைக்கு லீவு என்றார்.

ஒரு நொடி நிம்மதி வந்தது. அடுத்த நொடி அது போய், முன்பைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்தது. இங்கே இல்லை என்றால் எங்கே? இந்த மாதிரி லிஃப்டை ஒரே கம்பெனி ஒரே அச்சில் செய்து நூற்றுக்கணக்கில் விற்றிருக்கிறது. எல்லாப் பூட்டும் ஒரே மாதிரி தேயும். இந்தக் கதவை மட்டும் எழுதியதாக அவள் நினைத்திருந்தாள். எழுதியது அந்தக் கதவுகள் எல்லாவற்றையும். அவற்றில் ஏதோ ஒன்றின் முன்னால் ஒரு குழந்தை, அம்மா கிளம்புவதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. எந்த ஊர், எந்தத் தெரு, ஒன்றும் தெரியாது. ஓடிப் போவதற்கு இனிமேல் ஓர் இடமும் இல்லை.

படியில் உட்கார்ந்தாள். செக்யூரிட்டி பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஏதாவது பேச வேண்டுமே என்று, எத்தனை பேரிடம் சொன்னாலும் யாரும் கேட்பதில்லையே, நீங்கள் மட்டும் சொன்னதும் மறித்துவிட்டீர்களே என்று அவள் முணுமுணுத்தாள்.

அவர் கொஞ்சம் நெளிந்தார். “உண்மையச் சொல்லணும்னா, நீங்க சொன்னதுக்காக மறிக்கல மேடம். அன்னிக்கு நான் டார்ச் பிடிச்சிட்டிருந்தேன்ல. நீங்க இறங்கறதுக்கு முன்னாடி அந்தக் கதவு நிலையைப் பிடிச்சிட்டு அப்படியே நின்னீங்க. உங்க கை நடுங்குச்சு. தினம் இறங்கறவங்களுக்கே நடுங்குதேன்னு எனக்குப் பயம் வந்துடுச்சு. அதான்.”

அவள் அவரையே பார்த்தாள். உண்மைதான். இத்தனை வருஷத்தில் நடுங்காமல் அவள் ஒரு தடவைகூடக் குழிக்குள் இறங்கியதில்லை. சிவப்பு ஸ்விட்சை அமுக்கி லிஃப்டை முடக்கிவிட்டு, அமுக்கினது அமுக்கினதுதானா என்று மறுபடி பார்த்துவிட்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, அப்புறம்தான் முதல் காலை வைப்பாள். கதையில் கதவை எழுதினாள், இருட்டை எழுதினாள், கிரீஸ் வாடையைக்கூட எழுதினாள். இதை மட்டும் விட்டுவிட்டாள். காந்தக்கை நடுங்கினால் நன்றாகவா இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அவள் சொன்னால் வெற்றிடம். யார் சொன்னாலும் வெற்றிடம். அந்தக் குழந்தை நம்புகிற ஆள் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் சொல்ல வேண்டாம், செய்தால் போதும். அவன் செய்ததை அது செய்யும்.

கீழே சிக்னல் இல்லை. தரைத்தளத்துக்கு ஏறி, படியிலேயே உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். ஒரு அத்தியாயத்துக்கு வாரம் முழுக்க எடுத்துக்கொள்கிறவள், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். வாசலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

காந்தக்கை மறுநாள் அதே குழிக்குத் திரும்பி வருகிறான். கதவைத் திறக்கிறான். உள்ளே பார்க்கிறான். அவன் கால் நகரவில்லை.

‘அவனுக்குப் பயமாக இருந்தது. நேற்றும் பயமாகத்தான் இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. அவன் கை இரும்பை இழுக்கும்; தள்ளாது. மேலிருந்து வருவது இரும்பு. கையை நீட்டினால் அது இன்னும் வேகமாக அவன் தலைமேல்தான் வரும். நேற்று லிஃப்டை நிறுத்தியது அவன் கை இல்லை. லிஃப்டின் பிரேக். அது பிடித்தது அவன் அதிர்ஷ்டம். காந்தக்கை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கை நடுங்கியது. பிறகு ஒரு காலைப் பின்னால் வைத்தான். இன்னொரு காலையும் பின்னால் வைத்தான். படியேறிப் போய், முதலில் கண்ணில் பட்ட வீட்டுக் கதவைத் தட்டினான். திறந்தவரிடம், கீழே லிஃப்ட் கதவு திறந்து கிடக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது, கூட வாருங்கள் என்றான்.’

அவ்வளவுதான். சண்டை இல்லை, வெற்றிடம் இல்லை. படித்துப் பார்க்காமலே வெளியிட்டாள்.

அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பின்னூட்டங்கள் வரத் தொடங்கின.

“இது என்ன கூத்து?” என்று கேட்டார் ஒத்தைச்செருப்பு. “மூணு வருஷமா ஒரு கோழையையா படிச்சோம்?” காந்தக்கையைப் பாலத்திலிருந்து விழவே விட்டிருக்கலாம், எண்ணெய்க்கறை கொன்றதைவிட அது கௌரவமான சாவு என்று முட்டைக்கண் எழுதினார். நேற்றைய அத்தியாயத்தைப் படித்து மூச்சு நின்றதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது என்றாள் தூங்குமூஞ்சி. கடுகு ஒரே வரியில், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் முதல் அத்தியாயத்திலிருந்து வந்துகொண்டிருந்தவள்.

வேறொரு நாளாக இருந்தால் இதில் ஒரு வரி போதும், அவளுக்கு ஒரு வாரம் சோறு இறங்காது. இப்போது ஒவ்வொரு திட்டையும் விரலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு ஒரே ஒரு பெயரைத் தேடினாள். அந்தப் பெயர் இல்லை. கட்டிடத்தில் விளக்குகள் எரியத் தொடங்கின. அம்மாக்கள் டியூட்டிக்குக் கிளம்புகிற நேரம் ஆகிவிட்டது. யாரோ பட்டனை அமுக்க, அவள் முதுகுக்குப் பின்னால் லிஃப்ட் உறுமிக்கொண்டு நகர்ந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். இருபது வருஷமாகக் கேட்கிற சத்தம் அது.

“படிச்சிருக்குமா?” என்றான்.

“தெரியலண்ணா.”

மறுபடி தள்ளினாள். கோழை. துரோகி. காசு வாங்கிக்கொண்டு எழுதினாயா என்று ஒருவர். பேட்டரி குறைந்துகொண்டிருந்தது. குழந்தைக்குப் போன் அம்மாவுடையதாக இருந்தால்? அம்மா அதை எடுத்துக்கொண்டு போயிருந்தால்? அப்படியானால் அது பழைய அத்தியாயத்தோடு இறங்கியிருக்கும், தங்கச்சி மேலே பட்டனை அமுக்கியிருப்பாள். செக்யூரிட்டி கேட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அப்போது அந்தப் பெயர் வந்தது.

“கை வைச்சாச்சு,” என்று எழுதியிருந்தது மூணாம்மாடி. “கதவைத் திறந்துட்டேன். இறங்கறதுக்கு முன்னாடி போன்ல இது வந்துச்சு. படிச்சேன். எனக்கும் மதியமே உள்ள பாத்தப்ப பயமா இருந்துச்சு. காந்தக்கைக்குப் பயமே கிடையாதே, நமக்கு மட்டும் வருதேன்னு யார்கிட்டயும் சொல்லல. ரெண்டாம் மாடி மாமா வீட்டுக் கதவைத் தட்டினேன். வந்து பாத்துட்டு என்னைத் திட்டினார். இப்ப கதவு முன்னாடி அவர் பைக்கை நிறுத்தி வைச்சிருக்கார். தங்கச்சி அழறா, ஆனா நல்லா இருக்கா.”

பொம்மை முகம் ஒன்றுகூட ஒட்டவில்லை.

அவள் போனை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தமாகவே அழுதாள். லிஃப்டுக்குக் காத்திருந்த ஒரு அம்மாள் பயந்து படிவழியாக ஏறிப் போனார். அண்ணன் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி, அந்தப் பின்னூட்டத்தை வாய்விட்டு இரண்டு தடவை படித்தான். பிறகு அடுத்ததைப் படிக்கப் போனவன் நிறுத்திவிட்டான்.

“பாப்பா,” என்றான். “இது யாரு?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மூணாம்மாடிக்குக் கீழே, கிளிஞ்சல் என்று ஒரு பெயர். ‘கை வைச்சாச்சு. எங்க லிஃப்ட் கதவையும் நான் திறந்து வைச்சிருந்தேன். பாட்டிகிட்ட சொல்லிட்டேன்.’ அதற்குக் கீழே பென்சில்முனை என்று இன்னொரு பெயர். ‘கை வைச்சாச்சு. அப்பா கதவைக் கயிறு போட்டுக் கட்டிட்டார்.’ அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவதாக ஒன்று வந்தது.

அவள் போனை வாங்கிப் பழைய பின்னூட்டங்களில் தேடினாள். அந்தப் பெயர்களை அவள் இதற்கு முன் பார்த்ததே இல்லை. மூன்று வருஷத்தில் அவர்கள் ஒரு வார்த்தைகூட எழுதியதில்லை. இன்று மதியமும் எழுதவில்லை.

அண்ணன் எழுந்து வேனிலிருந்து சார்ஜரை எடுத்துவரப் போனான். அவள் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு, அடுத்த பெயருக்காகக் காத்திருந்தாள்.